மீன் தொட்டியும் கீரைப் படுகையும்: அக்வாபோனிக்ஸ் தொடங்குபவர்கள் கேட்கும் கேள்விகள்

சென்னைக்குத் தெற்கே இருக்கும் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு 500 லிட்டர் தொட்டி, அதில் பன்னிரண்டு மீன்கள். தொட்டிக்கு மேலே இரும்பு ஸ்டாண்டில், நீல டிரம்மை நீளவாக்கில் அறுத்துச் செய்த மூன்று படுகைகள். அவற்றில் மண் கிடையாது, ஜல்லிதான். அந்த ஜல்லியில் பாலக்கும் புதினாவும் மிளகாயும் வளர்கின்றன. பார்க்க வருகிறவர்கள் கேட்டதையும், போன பிறகு போனில் கேட்டதையும் அவர்கள் கேட்ட மாதிரியே கீழே தொகுத்திருக்கிறேன். ஒன்றிரண்டு கேள்விகளைத் தவிர எல்லாவற்றையும் ஒரு காலத்தில் நானும் கேட்டவள்தான்.

அக்கா, இதுவும் ஹைட்ரோபோனிக்ஸும் ஒண்ணா?

பாதி ஒன்று. இரண்டிலும் செடி மண் இல்லாமல் தண்ணீரிலிருந்து சத்தை எடுக்கிறது. ஹைட்ரோபோனிக்ஸில் அந்தச் சத்தை நாம் உப்புகளாக வாங்கிக் கரைத்து ஊற்றுகிறோம். அக்வாபோனிக்ஸில் மீனுக்குத் தீவனம் போடுகிறோம். மீனின் கழிவு செடிக்கு உரமாகிறது. செடி உறிஞ்சிய பிறகு தண்ணீர் மறுபடி மீனுக்கே போகிறது. ஒரே தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும். ஆவியாவதும் செடி குடிப்பதும்தான் செலவு, அதை மட்டும் நிரப்பினால் போதும்.

மீன் தொட்டித் தண்ணியை அப்படியே செடிக்கு ஊத்தினா போதாதா? எதுக்கு இவ்வளவு சுத்து?

தொட்டித் தண்ணீரை மண் தொட்டிச் செடிக்கு ஊற்றுவது நல்ல பழக்கம், அதைச் செய்யுங்கள். ஆனால் அதில் மீனுக்கு எந்த லாபமும் இல்லை. மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கிறது. அது சேர்ந்தால் அந்த மீனுக்கே விஷம்.

ஜல்லியின் மேற்பரப்பில் ஒட்டி வாழும் ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். நைட்ரைட்டும் மீனுக்கு ஆகாது. இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட்டை மீன் பெருமளவு தாங்கும், செடிக்கோ அதுதான் சாப்பாடு. இந்த இரண்டு படிகளும் நடக்கவில்லை என்றால் மேலே செடியும் கீழே மீனும் வெறும் அலங்காரம், அதுவும் சில நாளைக்குத்தான். இனி வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த பாக்டீரியாவைக் காப்பாற்றுவதைப் பற்றித்தான்.

முதல்ல சின்னதா, 50 லிட்டர் கண்ணாடித் தொட்டியில பண்ணிப் பாக்கலாமா?

சின்னது சுலபம் என்று தோன்றும். உண்மையில் சின்னதுதான் கடினம். தண்ணீர் குறைவாக இருந்தால் வெயிலில் சீக்கிரம் சூடாகும், ஒரு மீன் செத்தால்கூட முழுத் தொட்டியும் கெடும். நீங்கள் கவனிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். சமையலறை ஜன்னலில் நாலு கப்பி மீனும் ஒரு புதினாவும் என்றால் 50 லிட்டர் போதும். கீரை பறித்துச் சமைக்க வேண்டும் என்றால் 500 லிட்டருக்குக் குறையாமல் தொடங்குங்கள்.

அந்த அளவுக்கு 300 முதல் 500 லிட்டர் வரை படுகை வைக்கலாம். என் மூன்று அரை டிரம்மும் சேர்ந்து ஏறக்குறைய 300 லிட்டர். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது தொட்டித் தண்ணீர் முழுவதும் படுகை வழியாகப் போய்வர வேண்டும். மோட்டார் பெட்டியில் எழுதியிருக்கும் லிட்டர் கணக்கு தரைமட்டத்துக்கானது, மேலே ஏற்ற ஏற்ற அது குறையும். அதனால் 500 லிட்டர் தொட்டிக்கு 1500 லிட்டர் மோட்டாராக வாங்கினேன்.

மொட்டை மாடியில வைக்கலாமா? சின்டெக்ஸ் தொட்டியே தாங்குதே?

இந்தக் கேள்விக்கு மட்டும் அவசரப்பட்டு யாருக்கும் தலையாட்டுவதில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 500 லிட்டர் தொட்டி அரை டன். ஜல்லி இன்னும் மோசம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஜல்லி நிரப்பினால் கல் மட்டும் 450 கிலோவுக்கு மேல் வரும், இடுக்கில் நிற்கும் தண்ணீரோடு 600 கிலோவை நெருங்கும். ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோதான். கணக்கு எங்கே நிற்கிறது என்று நீங்களே பாருங்கள்.

வீட்டுத் தண்ணீர் தொட்டியைப் பொதுவாகத் தூணுக்கும் உத்திரத்துக்கும் மேலே பீடம் கட்டித்தான் வைப்பார்கள். அதனால்தான் அது தாங்குகிறது. தளத்தின் நட்டநடுவில் வைத்தால் அதே தொட்டி விரிசலை உண்டாக்கும். மாடிதான் வேண்டும் என்றால் வீடு கட்டிய பொறியாளரையோ வேறு ஒரு கட்டடப் பொறியாளரையோ கூட்டிவந்து, உத்திரம் எங்கே ஓடுகிறது என்று கேட்டு அதன்மேல் வையுங்கள். ஜல்லிப் படுகையைக் கைவிட்டு, நாலு இஞ்ச் பிவிசி குழாயில் துளை போட்டுக் கீரை வைப்பது எடை குறைவு. ஆனால் குழாயில் கழிவு அடைக்காமல் இருக்க, நடுவில் ஒரு வடிகட்டி டிரம் வேண்டும். எனக்குப் பின்கட்டு இருந்ததால் இந்தத் தலைவலியே இல்லாமல் போனது. தரை இருக்கிறவர்கள் தரையிலேயே தொடங்குங்கள்.

பழைய டிரம் வாங்கலாமா?

வாங்கலாம். உள்ளே முன்பு என்ன இருந்தது என்று தெரிந்தால் மட்டும். சமையல் எண்ணெய், பழக்கூழ், சர்க்கரைப் பாகு வந்த டிரம் என்றால் சோப்பு இல்லாமல் வெந்நீரும் கல் உப்பும் போட்டுத் தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தலாம். பூச்சிமருந்து, பெயின்ட், சாயம் வந்தது என்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கடைக்காரருக்கே தெரியவில்லை என்றாலும் வேண்டாம்.

செம்பு, பித்தளை, துத்தநாகம் பூசிய தகரம் ஆகிய எதுவும் தண்ணீரில் படக்கூடாது. செம்பும் துத்தநாகமும் கொஞ்சமாகக் கரைந்தாலும் மீனைக் கொல்லும். வெளிச்சம் ஊடுருவும் வெள்ளைத் தொட்டியாக இருந்தால் வெளியே சாக்கு சுற்றியோ பெயின்ட் அடித்தோ மறையுங்கள்.

படுகையில என்ன ஜல்லி போடறது?

கட்டட வேலைக்கு வரும் கருங்கல் ஜல்லி போதும். அரை இஞ்ச் முதல் முக்கால் இஞ்ச் வரை. அதைவிடப் பொடியானது அடைத்துக்கொள்ளும், பெரியதில் நாற்று நிற்காது. எம்-சாண்டும் ஆற்று மணலும் கூடாது. தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவுங்கள், எனக்கு ஒரு நாள் முழுக்க ஆனது. சுட்ட களிமண் உருண்டைகள் எடை குறைவு, கைக்கு இதம். விலைதான் அதிகம்.

ஜல்லியில் சுண்ணாம்புக் கல் கலந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு கைப்பிடி எடுத்து அதன்மேல் வினிகர் ஊற்றுங்கள். நுரைத்தால் அந்த லோடு வேண்டாம், அது தண்ணீரின் பி.எச். அளவை, அதாவது அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்ணை, எப்போதும் மேலேயே பிடித்து வைத்திருக்கும். கட்டடம் இடித்த கான்கிரீட் துண்டும் அப்படித்தான்.

தண்ணீர் படுகையில் ஏறி இறங்க வேண்டும், இறங்கும்போதுதான் வேருக்கும் பாக்டீரியாவுக்கும் காற்று கிடைக்கும். அதற்கு பெல் சைஃபன் வைக்கலாம். நிமிர்ந்த குழாயின் மேல் ஒரு மூடிய குழாயைக் கவிழ்த்தால், தண்ணீர் உச்சிக்கு வந்ததும் தானாக உறிஞ்சி இறக்கிவிடும். அது பிடிபடவில்லை என்றால் ஒரு டைமர் போட்டு, மணிக்குப் பதினைந்து நிமிடம் மோட்டார் ஓடும்படி வைத்துவிடுங்கள், வேலை நடக்கும்.

எங்க ஏரியா போர் தண்ணி ஒரே உப்பு. கார்ப்பரேஷன் தண்ணி விடலாமா?

விடலாம், ஆனால் குழாயிலிருந்து நேராக வேண்டாம். அதில் இருக்கும் குளோரின் பாக்டீரியாவையும் மீனின் செவுளையும் தாக்கும். திறந்த டிரம்மில் பிடித்து, காற்று மோட்டார் போட்டு ஒருநாள், அது இல்லாமல் இரண்டு நாள் வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

சென்னைப் புறநகர் போர் தண்ணீர் பல இடங்களில் கடினத் தண்ணீர். பி.எச். 8 பக்கம் நிற்கும். மீன் அதில் வாழும், செடிதான் இரும்புச்சத்து எடுக்கத் திணறும். எங்கள் வீட்டிலும் அதே கதை. நான் மழைநீரைக் கலந்து சமாளிக்கிறேன். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் மாடியிலிருந்து இறங்கும் குழாய் உங்கள் வீட்டிலும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அதன் வாயில் இரண்டு டிரம் வையுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள், அது வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்த தண்ணீர்.

தொட்டி ரெடி, தண்ணி ஓடுது. நாளைக்கே மீன் விடலாமா?

கூடாது. நான் விட்டேன். முப்பது குஞ்சுகளைக் கொண்டுவந்து, இரண்டாம் நாளே தொட்டியில் விட்டு, ஆசையாக மூன்று வேளை தீவனம் போட்டேன். ஒன்பதாம் நாள் காலை பாதி மிதந்தது, மறுவாரம் மீதியும் போயிற்று. குஞ்சு சரியில்லை என்று விற்றவர்மேல் கோபப்பட்டேன். தப்பு என்னுடையது. படுகையில் இருந்தது வெறும் கல். அதில் பாக்டீரியா இன்னும் குடியேறவில்லை.

அது குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நம் ஊர் வெப்பத்தில் சிலசமயம் மூன்று வாரத்தில் முடியும். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், அடுத்து நைட்ரைட் ஏறி இறங்கும், கடைசியில் நைட்ரேட் தெரியத் தொடங்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யத்தைத் தொட்டு, நைட்ரேட் மட்டும் தெரியும் நாளில் மீன் வாங்கக் கிளம்புங்கள். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வண்ண மீன் கடைகளில் கிடைக்கும் சொட்டுமருந்துப் பரிசோதனைக் கிட் ஒன்று வாங்கியே ஆக வேண்டும். மோட்டாரில் மிச்சம் பிடித்தாலும் பரவாயில்லை, இதில் பிடிக்காதீர்கள்.

மீனே இல்லாம அம்மோனியாவுக்கு எங்க போறது?

ஈயம் பூசுபவர்கள் பயன்படுத்தும் நவச்சாரம் தெரியுமா? அதுதான் அம்மோனியம் குளோரைடு. கடைத்தெருவில் கிடைக்கும் நவச்சாரத்தில் வேறு என்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது, அதனால் ஆய்வகங்களுக்கு ரசாயனம் விற்கும் கடையில் சுத்தமானதை வாங்குங்கள். 500 லிட்டருக்கு மூன்று, நான்கு கிராம் கரைத்து ஊற்றினால் அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் நிற்கும். அது இறங்கியதும் மறுபடி அதே அளவு. இன்று போட்டது நாளைக்குள் அம்மோனியாவாகவும் இல்லாமல், நைட்ரைட்டாகவும் இல்லாமல் காணாமல் போனால் படுகை தயார்.

நீண்ட நாள் மீன் வளர்க்கும் நண்பர் வீட்டு ஃபில்டரிலிருந்து ஒரு கைப்பிடி கல்லோ பஞ்சோ ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஜல்லியில் புதைத்தால் காத்திருப்பு பாதியாகும். அவர் தொட்டியில் மீனுக்கு நோய் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த நாட்களில் நாற்றுகளை நட்டுவைக்கலாம். கொஞ்சம் வெளுத்துத்தான் நிற்கும், பயப்பட வேண்டாம்.

என்ன மீன் விடறது? கட்லா, ரோகு விடலாமா?

கட்லாவும் ரோகுவும் குளத்து மீன்கள், கிலோக் கணக்கில் வளரும். 500 லிட்டரில் அவற்றை அடைப்பது பாவம். சாப்பாட்டுக்கு என்றால் திலாப்பியா, அதாவது நாம் ஜிலேபி என்று சொல்லும் மீனின் இனம், முதல்முறை செய்பவர்களின் தவறுகளைத் தாங்கும். வேகமாக வளரும் கிஃப்ட் திலாப்பியாவை வளர்க்க மீன்வளத்துறையில் பதிவு செய்ய வேண்டும், குஞ்சும் அனுமதி பெற்ற பொரிப்பகத்திலிருந்துதான் வாங்க வேண்டும். உங்கள் மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். எந்த மீனையும் ஏரியிலோ கால்வாயிலோ விட்டுவிடாதீர்கள். நம் நாட்டு மீன்களின் இடத்தைத் திலாப்பியா எப்படிப் பிடித்தது என்று ஏரிக்கரையில் வலை வீசுபவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

விரால் நேராகக் காற்றையும் சுவாசிக்கும், அதனால் மின்வெட்டில் தப்பிக்கும். ஆனால் துள்ளி வெளியே விழும், அளவில் சிறிய விராலைப் பெரியது தின்னும். வலை மூடி இல்லாமல் விடாதீர்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்கவே வேண்டாம், இந்தியாவில் அதை வளர்க்கத் தடை இருக்கிறது.

நாங்க சைவம். மீனைச் சாப்பிடாம இதைச் செய்ய முடியுமா?

தாராளமாக. கோல்டு ஃபிஷ், கப்பி, மோலி எல்லாமே அம்மோனியா தரும், செடிக்கு மீன் எந்த ஜாதி என்று தெரியாது. சென்னையில் கொளத்தூர் வண்ண மீன் சந்தைக்குப் போனால் எல்லாம் கிடைக்கும். கோய் அழகுதான், ஆனால் இரண்டடி வரை வளரும் என்பதை யோசித்து வாங்குங்கள். என்னிடம் கேட்டுவிட்டுத் தொடங்கியவர்களில், இன்றைக்கும் விடாமல் நடத்துபவர்கள் பெரும்பாலும் சைவக் குடும்பங்கள்தான். பெயர் வைத்து வளர்ப்பதால் கவனம் குறைவதில்லை.

எத்தனை மீன், எவ்வளவு தீவனம்? மீந்த சோறு போடலாமா?

மீனின் எண்ணிக்கையைவிடத் தீவனத்தின் எடைதான் இங்கே அளவுகோல், ஏனென்றால் உள்ளே போவது தீவனம் மட்டும்தான். கீரைப் படுகைக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் சரியாக இருக்கும், தக்காளி, மிளகாய்க்கு 50 முதல் 80 கிராம். என் படுகை ஏறக்குறைய 1.4 சதுர மீட்டர், அதனால் சுமார் 60 கிராம். வளர்ந்த மீன் நாளுக்குத் தன் எடையில் நூற்றில் ஒன்றரை, இரண்டு பங்கு சாப்பிடும். அப்படியென்றால் எனக்கு மூன்றிலிருந்து நான்கு கிலோ மீன் போதும், அதாவது 300 கிராம் மீன் பன்னிரண்டு. முப்பது குஞ்சு விட்ட காலத்தில் இந்தக் கணக்கு எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மிதக்கும் தீவனமாக வாங்குங்கள், தின்றதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியும். கால் மணி நேரத்தில் தீராததை அள்ளி எடுத்துவிடுங்கள். சோறு, இட்லி, பிஸ்கட் வேண்டாம். அவற்றில் செடிக்குத் தேவையான சத்து குறைவு, கரைந்து தண்ணீரை அழுகவைக்கும். தனித் தொட்டியில் அசோலா என்ற மிதக்கும் நீர்ச்செடியை வளர்த்து வாரம் இரண்டு முறை போடலாம், திலாப்பியா விரும்பித் தின்னும்.

என்ன செடி நல்லா வரும்?

பாலக், சிறுகீரை, பொன்னாங்கண்ணி, வல்லாரை, பசலை, புதினா. தண்ணீருக்காகவே பிறந்த மாதிரி வளரும் இவை. வெந்தயக்கீரை மூன்று வாரத்தில் பறித்துவிடலாம். கொத்தமல்லி மார்கழி, தையில் மட்டும். மிளகாய், தக்காளி, கத்தரி நான்கைந்து மாதம் கழித்து வையுங்கள், அதற்குள் தண்ணீரில் சத்து சேர்ந்திருக்கும். அவற்றுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். கேரட், முள்ளங்கி ஜல்லியில் கோணல்மாணலாகத்தான் வரும்.

கரண்ட் போனா என்ன ஆகும்? பில் எவ்வளவு வரும்?

மீன் கூட்டமாக இருந்தால் அரை மணி, ஒரு மணி நேரத்திலேயே மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். மேலே சொன்ன மாதிரி நெருக்கம் இல்லாமல் வைத்திருந்தால் சில மணி நேரம் தாங்கும். வீட்டு இன்வெர்ட்டரில் காற்று மோட்டாரை மட்டும் இணைத்துவிடுங்கள், பத்து வாட்டுக்குள்தான் இழுக்கும். புயல் நாட்களுக்கு பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று மோட்டார் ஒன்று கையில் இருக்கட்டும். அதுவும் இல்லையென்றால் தீவனத்தை நிறுத்திவிட்டு, ஒரு குவளையால் தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து அதிலேயே ஊற்றுங்கள். டிசம்பர் புயல் ஒன்றில் நானும் என் மாமியாரும் மாறி மாறி விடியும்வரை அதைத்தான் செய்தோம். ஒரு மீனும் சாகவில்லை.

தண்ணீர் மோட்டார் 40 வாட், காற்று மோட்டார் 10 வாட். இருபத்துநாலு மணி நேரமும் ஓடினால் நாளுக்கு 1.2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். வீட்டு இணைப்புக்குக் கொஞ்சம் யூனிட் இலவசம் என்றாலும் அது வீட்டுச் செலவிலேயே தீர்ந்துவிடும், அதனால் இதை உங்கள் பில்லில் வரும் கடைசிக் கட்டணப் படியின் விலையில் கணக்குப் போடுங்கள்.

தண்ணி பச்சையாயிடுச்சு. கொசுவும் வருமோன்னு பயமா இருக்கு.

பச்சை என்றால் வெளிச்சம் விழுகிறது என்று பொருள். தொட்டியை மூடி நிழலாக்குங்கள், இரண்டு வாரத்தில் தெளியும். பாசிக்கு மருந்து போடாதீர்கள், பலவற்றில் செம்பு இருக்கிறது. கொசுவுக்குத் தொட்டியில் இடமே இல்லை, கொசுப்புழு வந்தால் மீன் விடாது. படுகையில் தண்ணீர் மட்டம் ஜல்லியின் மேற்பரப்புக்கு இரண்டு விரல் கீழேயே நின்றால் அங்கேயும் வராது. மழைநீர் டிரம்மைத்தான் வலை கட்டி மூட மறக்காதீர்கள், டெங்கு கொசு அதைத் தேடித்தான் வரும்.

மீன் நல்லாத்தான் இருக்கு, ஆனா இளம் இலை மஞ்சளா, நரம்பு மட்டும் பச்சையா இருக்கே?

இரும்புச்சத்துக் குறை. மீன் தீவனத்தில் இரும்பு மிகக் குறைவு, அதனால் எல்லோருக்கும் ஒருநாள் இது வரும். பழைய ஆணி போட்டால் சரியாகாது, துரு செடிக்கு எட்டாது. உரக்கடையில் கீலேட் இரும்பு என்று கேளுங்கள். பி.எச். 7க்கு மேல் என்றால் இ.டி.டி.எச்.ஏ. வகை, அது தண்ணீரைச் சிவப்பாக்கும், மீனுக்குத் தீங்கில்லை. லிட்டருக்கு 2 மில்லிகிராம் இரும்பு கிடைக்கும் அளவில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். பொட்டலத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு இரும்பு என்று இருந்தால், 500 லிட்டருக்குச் சுமார் 17 கிராம். பழைய, கீழ் இலைகளின் ஓரம் கருகினால் அது பொட்டாசியக் குறை, அடுத்த பதிலைப் பாருங்கள்.

பி.எச். ஏறினா எலுமிச்சை பிழியலாமா? சிலருக்கு இறங்குதுன்னு சொல்றாங்களே?

மீன், செடி, பாக்டீரியா மூன்றுக்கும் ஒத்துப்போகும் அளவு 6.8லிருந்து 7.2 வரை. கடினத் தண்ணீர் உள்ளவர்களுக்கு ஆரம்பத்தில் 8 இருக்கும். எலுமிச்சை பிழிந்தால் அன்றைக்கு இறங்கும், மறுநாள் பழைய இடத்துக்கே வரும். இந்த ஏற்ற இறக்கம் 8ஐவிட மீனுக்குக் கெடுதல், எலுமிச்சையின் அமிலம் பாக்டீரியாவுக்கும் ஆகாது. மழைநீர் கலந்து பொறுமையாக இருங்கள். பாக்டீரியா வேலை செய்யும்போதே அமிலம் உண்டாக்குகிறது, மாதங்கள் போனால் தானாக இறங்கும்.

இறங்கிக்கொண்டே போய் 6.5க்குக் கீழே வந்தால் அப்போதுதான் கைவைக்க வேண்டும், 6ஐத் தொட்டால் பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். நீற்றிய சுண்ணாம்பு ஒரு டீஸ்பூன் வாளித் தண்ணீரில் கரைத்து, படுகையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மறுநாள் அளந்து பாருங்கள். அடுத்த முறை சுண்ணாம்புக்குப் பதில் பொட்டாசியம் பைகார்பனேட். இப்படி மாற்றி மாற்றிப் போட்டால் செடிக்குச் சுண்ணாம்புச் சத்தும் பொட்டாசியமும் சேர்ந்து கிடைக்கும். கிளிஞ்சலை உடைத்து வலைப்பையில் கட்டித் தொட்டியில் தொங்கவிடுவது இன்னும் நிதானமான வழி, நான் அதைத்தான் விரும்புவேன்.

எனக்கும் என் நண்பனுக்கும் அம்மோனியா ஒரே அளவுதான் காட்டுது. அவன் மீன் நல்லா இருக்கு, என் மீன் மட்டும் சாகுது. ஏன்?

உங்கள் தண்ணீர் பச்சையாக இருக்கிறதா, மதியம் பி.எச். பார்த்தீர்களா என்றுதான் முதலில் கேட்பேன். கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் ஒரு பகுதிதான் கடும் விஷம், அந்தப் பகுதி பி.எச். கூடக் கூடப் பெருகும். 30 டிகிரி தண்ணீரில் பி.எச். 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 8 என்றால் ஏழெட்டுப் பங்கு. 9 என்றால் பாதியை நெருங்கிவிடும். பச்சைத் தண்ணீரில் பாசி வெயில் நேரத்தில் பி.எச். அளவை 9 வரை தூக்கும், காலையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. உங்கள் நண்பர் தொட்டியை மூடி வைத்திருப்பார்.

இப்போதைக்குத் தீவனத்தை நிறுத்தி, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். கொட்டும் தண்ணீரைத் தென்னைக்கு விடுங்கள்.

பூச்சி வந்தா வேப்பெண்ணெய் அடிக்கலாமில்ல? இயற்கைதானே? பஞ்சகவ்யம்?

மண் தோட்டத்தில் இரண்டும் எனக்கும் பிடித்தவை. இங்கே வேண்டாம். வேப்பெண்ணெய்க் கரைசல் சொட்டித் தண்ணீரில் கலந்தால் மீனைப் பாதிக்கும். பஞ்சகவ்யத்திலும் ஜீவாமிர்தத்திலும் இருக்கும் கரிமப்பொருள் தொட்டியில் அழுகும்போது பிராணவாயுவை உறிஞ்சிவிடும், அம்மோனியாவும் கூடும். கடையில் விற்கும் ரசாயனப் பூச்சிமருந்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், சில வகைகளில் சில சொட்டுகளே தொட்டியைக் காலி செய்யும்.

அசுவினிக்கு வெறும் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவுங்கள், காலையில் புழுவைக் கையால் பொறுக்குங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிடுங்கள். ரொம்பவும் தாக்கிய செடியைப் பிடுங்கிவிடுங்கள்.

மீனுக்கு நோய் வந்தா மருந்து ஊத்தலாமா?

தொட்டியில் ஊற்றக்கூடாது, பாக்டீரியாவும் சாகும், அந்தக் கீரையை நீங்களும் சாப்பிட முடியாது. நோய்ப்பட்ட மீனைத் தனி டப்பில் காற்றோட்டத்தோடு வைத்து, அயோடின் சேர்க்காத கல் உப்பு லிட்டருக்கு மூன்று கிராம் போட்டுச் சில நாள் பாருங்கள். பாதி வியாதி அதிலேயே அடங்கும். புதிதாக வாங்கும் மீனையும் இரண்டு வாரம் தனியாக வைத்துவிட்டுத்தான் மற்றவற்றோடு சேர்ப்பேன்.

மே மாசம் தண்ணி சுடுதே?

தண்ணீர் சூடாகும்போது அதில் கரையும் பிராணவாயு குறையும், மீனுக்கோ தேவை கூடும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் இடத்தில் 30 டிகிரியில் ஏழரைதான். பச்சை நிழல்வலை கட்டி, தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு போட்டு, தீவனத்தைக் காலை, மாலை வேளைகளுக்கு மாற்றுங்கள். ஐஸ் கட்டி போட்டு ஒரேயடியாகக் குளிர்விப்பது மீனுக்கு அதிர்ச்சி.

மீன் கழிவுல வளர்ந்த கீரையைச் சாப்பிடலாமா? மீன்ல மண் வாடை வராதா?

சாப்பிடலாம், நாங்கள் சாப்பிடுகிறோம், குழந்தைகளும்தான். கிருமி பெரும்பாலும் எலி, புறா, கழுவாத கை வழியாக வருவது. வலை கட்டுங்கள், தொட்டித் தண்ணீரை இலைமேல் தெளிக்காதீர்கள், குழாயடியில் நன்றாகக் கழுவிச் சமையுங்கள். புதினாவைப் பச்சையாக அரைப்பதென்றால் இன்னும் கவனமாகக் கழுவுங்கள். மண் வாடை தண்ணீரில் வாழும் சில நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. சமைப்பதற்காகப் பிடித்த மீனைச் சில நாள் தீவனம் போடாமல் நல்ல தண்ணீரில் வைத்திருந்தால் குறைந்துவிடும்.

இதுல லாபம் வருமா? வேலையை விட்டுட்டுப் பெருசா பண்ணலாமா?

இந்த அளவில் லாபம் வராது. ஒரு கிலோ திலாப்பியா வளர ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ தீவனம் வேண்டும். மின்சாரமும் சேர்த்தால் சந்தை மீனைவிட மலிவாக இருக்காது. வாரத்துக்கு மூன்று நாள் கீரை, வீட்டு மிளகாய், புதினா, வருஷத்துக்கு இரண்டு முறை மீன் குழம்பு. இதுதான் எனக்குக் கிடைப்பது, எனக்கு இது போதும். பெரிதாகச் செய்ய நினைப்பவர்கள் வீட்டில் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் முழுசாக நடத்திப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தொட்டியோடு சேர்த்துச் சம்பாதித்துத் தருகிறேன் என்று விற்க வருகிறவர்களிடம், அவர்கள் விற்ற பழைய தொட்டி ஒன்று இரண்டு வருஷம் ஓடியிருப்பதைக் காட்டச் சொல்லுங்கள்.

பொங்கலுக்குப் பத்து நாள் ஊருக்குப் போகணும். என்ன பண்றது?

வளர்ந்த மீன் ஒரு வாரம், பத்து நாள் பட்டினி தாங்கும். குஞ்சாக இருந்தால் தாங்காது. பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவதென்றால் தீவனப் பொட்டலத்தை அப்படியே கொடுக்காதீர்கள், அன்பில் அள்ளிப் போட்டுவிடுவார்கள். ஒருநாள் விட்டு ஒருநாளுக்கான அளவைச் சின்னச் சின்னத் தாளில் மடித்து, நாள் எழுதிக் கொடுங்கள். தண்ணீர் எந்தக் கோட்டுக்குக் கீழே போனால் நிரப்ப வேண்டும் என்று தொட்டியில் பெயின்ட்டால் கோடு போட்டுவையுங்கள். மோட்டார் நின்றால் கூப்பிட உங்கள் எண்ணையும், பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் எண்ணையும் சுவரில் ஒட்டிவிடுங்கள். அந்தப் பத்து நாள் கீரையை அவர்களையே பறித்துக்கொள்ளச் சொல்லுங்கள், தினமும் தொட்டிப் பக்கம் வருவார்கள்.